இஞ்சிச் செடியா, பூச்செடியா? இரண்டாவது லத்தீன் சொல்லைப் பாருங்கள்

செடிக்கடையில் 'ஜிஞ்சர்' என்று விற்கும் தொட்டியை வாங்குமுன், அட்டையில் உள்ள அறிவியல் பெயரின் இரண்டாவது சொல்லைப் படியுங்கள். ஜிஞ்சிபர் ஆஃபிசினாலே என்றால் நம் சமையல் இஞ்சி. ஜிஞ்சிபர் ஸ்பெக்டாபிலே என்றால் அழகுக்கு வளர்ப்பது. காய்கனிக் கலவையான ரொஜாக்கில் நறுக்கிப் போடும் பூமொட்டைத் தரும் புங்கா கந்தான் செடிக்கு எட்லிஞ்சேரா எலாட்டியோர் என்று பெயர். கிழங்குக்காக அதை வாங்கினால் காசு வீண்.

லத்தீனில் 'ஆஃபிசினா' என்றால் பட்டறை. பின்னாளில் மடாலயங்களில் மருந்துப் பொருள் வைக்கும் அறைக்கும் அதுவே பெயரானது. அங்கே இருப்பு வைத்த செடிகளுக்குத்தான் இந்த அடைமொழி. முதல் சொல்லின் பாலுக்கேற்ப ஆஃபிசினாலிஸ், ஆஃபிசினாலே என்று விகுதி மாறும். கரும்பின் பெயரில் வரும் ஆஃபிசினாரம் 'மருந்தறைகளுக்குரிய' என்று பொருள்படும். பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இஞ்சித் தோட்டத்துப் பலகைகளைப் படித்துப் பழகினால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தச் சொல் பழைய பயன்பாட்டைச் சொல்கிறது, பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. மாண்ட்ரகோரா ஆஃபிசினாரம் கடும் நச்சுச் செடி. மஞ்சள் குர்குமா லோங்கா, வல்லாரை சென்டெல்லா ஏசியாட்டிகா. இரண்டும் மருந்துச் செடிகளே, ஆனால் பெயரில் இந்தச் சொல் இல்லை. பெயரும் மாறலாம்: ரோஸ்மேரினஸ் ஆஃபிசினாலிஸ் என்றிருந்த ரோஸ்மேரி இப்போது சால்வியா ரோஸ்மேரினஸ். அட்டையில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் இந்த வழி உதவாது, கடைக்காரரிடமே கேளுங்கள்.