ஒன்லைன்ல ஆர்ட் அப்ரிசியேஷன் படிக்கிறவங்க முதல்ல படத்தப் பாக்கப் பழகுங்க

ஏ.எல் எழுதிட்டு கெம்பஸுக்குக் காத்துக்கொண்டு வீட்ட நிக்கிற பிள்ளையள், ஸ்கூல்ல சித்திரம் படிப்பிக்கிற டீச்சர்மார், வேலைக்குப் போய்க்கொண்டே ஏதாவது படிக்கோணும் எண்டு இருக்கிற ஆக்கள், மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்தில இப்ப கனபேர் இந்த ஆர்ட் அப்ரிசியேஷன் கோர்ஸ் பத்திக் கேக்கிறாங்க, அதுக்காகத்தான் இத எழுதுறன். ஒண்ட முதலே சொல்லிர்றன், இது படம் கீறப் பழக்கிற கோர்ஸ் இல்ல. ஒரு ஓவியத்தயோ சிலையயோ கட்டடத்தயோ பாத்தா அதில என்ன கிடக்கு, அத எப்பிடிச் செஞ்சிருக்காங்க, ஏன் அப்பிடிச் செஞ்சாங்க எண்டு விளங்கி அத எழுதப் பழக்கிற கோர்ஸ். எனக்குக் கீற வராதே எண்டு பயப்பிட வேணாம், கண்ணும் பொறுமையும் இருந்தாக் காணும்.

எந்தக் கோர்ஸ எடுக்கிற எண்டது உங்களுக்கு என்ன தேவையோ அதப் பொறுத்தது. அறிவுக்குத்தான் எண்டா காசு செலவழிக்கவே வேணாம். சேலர் அகடமி எண்ட ஒன்லைன் சைட்ல ஆர்ட் அப்ரிசியேஷன் கோர்ஸ் இலவசமாக் கிடக்கு. ஸ்மார்ட்ஹிஸ்டரி சைட்ல சின்னச் சின்ன வீடியோ கனக்க இருக்கு, ரெண்டு பேர் படத்துக்கு முன்னால நிண்டு நீ என்ன பாக்கிறா நான் என்ன பாக்கிறன் எண்டு கதைக்கிற மாதிரி இருக்கும், லெக்சரவிட எனக்கு அது நல்லாப் பிடிக்கும். கோர்செரா எண்ட ஒன்லைன் கோர்ஸ் சைட்ல நியூயோர்க் மோமா மியூசியத்துர கோர்ஸ்களும் இருக்கு. கிரெடிட், அதாவது மறுகா டிகிரிக் கணக்கில சேர்க்கக்கூடிய புள்ளி, வேணும் எண்டாத்தான் அமெரிக்கக் கம்யூனிட்டி கொலிஜ் மாதிரி இடத்தில சேரவேணும், அங்க இது வழமையா 3 கிரெடிட் பாடம், வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு ஃபீஸ் கூட. காசு கட்ட முந்தி, நீங்க மறுகா சேர நினைக்கிற கெம்பஸ் அந்தக் கிரெடிட்ட ஏத்துக்கொள்ளுமா எண்டு ஈமெயில்ல கேட்டு, பதில எழுத்தில எடுத்து வச்சிருங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். ஒன்லைன் கோர்ஸ்ல எல்லாரும் செய்யிறது என்னெண்டா, படம் ஒரு செக்கன், அதுக்குக் கீழ இருக்கிற விளக்கம் பத்து நிமிசம். விளக்கத்த வாசிச்சிட்டா மறுகா நம்மட கண் அந்த விளக்கத்தத்தான் தேடுமே தவிர படத்தப் பாக்காது. அதால விளக்கத்த மூடி வச்சிட்டு வெறும் படத்த மட்டும் திறங்க, கொப்பியும் பேனையும் எடுத்து என்ன தெரியுதோ அத எழுதுங்க, வடிவா இருக்கு, சோகமா இருக்கு எண்டெல்லாம் எழுதப்படாது, கண்ணுக்குத் தெரியிற சாமான் மட்டும். எட்மண்ட் ஃபெல்ட்மன் எண்ட அமெரிக்கக் கலைக்கல்வி ஆள் சொன்ன நாலு படி இந்தக் கோர்ஸ்கள்ல அடிக்கடி வரும், முதல்ல விவரிக்கிற, மறுகா பகுத்துப் பாக்கிற, அதுக்குப் பிறகு படத்துர அர்த்தம் என்னெண்டு சொல்ற, கடைசியாத்தான் நல்லமா இல்லயா எண்டு தீர்ப்புச் சொல்ற. நம்மட ஆக்கள் நேரா நாலாவது படிக்குத்தான் பாய்வாங்க.

ஒல்லாந்து ஓவியர் வெர்மியர் கீறின பால்காரிப் படத்த எடுத்துப் பாருங்க, 1660 அளவில கீறினது, அம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில இருக்கு, அவங்கட சைட்ல நல்லாச் சூம் பண்ணிப் பாக்கலாம். முதல் பார்வைக்கு ஒரு பொம்பிள பால் ஊத்துறா, அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்துப் பாத்தா இடப்பக்கம் ஜன்னல், அதில ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு, மஞ்சள் சட்டை, நீலத் துணி, கையை மடிச்சு விட்டிருக்கா, பாண்ல வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி. இன்னும் சூம் பண்ணுங்க, அவவுக்குப் பின்னால இருக்கிற வெள்ளைச் சுவர்ல ஒரு ஆணி, ஆணிக்கு நிழல், பழைய ஆணி புடுங்கின ஓட்டையள். வெறும் சுவர் எண்டு நினைச்ச இடத்தில அந்த மனுசன் இவ்வளவு வேலை செஞ்சிருக்கார். 2022ல ரைக்ஸ்மியூசியம் ஸ்கேன் பண்ணிப் பாத்துச் சொன்னது, அந்தச் சுவர்ல முதல் ஜக்கு தொங்கவிடுற ஒரு தட்டக் கீறிட்டு மறுகா வெர்மியரே அத அழிச்சு மூடியிருக்கார் எண்டு. அப்ப அந்தச் சுவர் வெறுமையா இருக்கிறது அவர் யோசிச்சு எடுத்த முடிவு, நம்மட கண் பால் ஊத்துற கையிலயே நிக்கோணும் எண்டுதான் எண்டு நான் நினைக்கிறன். இத நீங்களாவே பாத்துக் கண்டுபிடிச்சிட்டு விளக்கத்தத் திறந்தீங்க எண்டா அந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

போன்ல படிக்கிற ஆக்களுக்கு இன்னொரு கரைச்சல் இருக்கு, எல்லாப் படமும் ஒரே அளவாத்தான் தெரியும். மோனா லிசா 77 க்கு 53 சென்டிமீட்டர். ஜப்பான் ஓவியர் ஹொக்குசாய்ட பெரிய அலைப் படம் ஒரு ஏ3 தாளவிடச் சின்னன். பிக்காசோ 1937ல கீறின குவர்னிக்கா 349 க்கு 776 சென்டிமீட்டர், அதாவது பதினொன்றரை அடி உயரம், இருபத்தஞ்சரை அடி அகலம். அளவு டேப் ஒண்டும் சோக்கட்டியும் எடுத்துக்கொண்டு ஸ்கூல் மதிலுக்கோ வளவு மதிலுக்கோ போங்க, இருபத்தஞ்சரை அடிய அளந்து ரெண்டு பக்கமும் கோடு போட்டிட்டு நடுவில மதிலுக்குக் கிட்ட நிண்டு பாருங்க, தலையத் திருப்பாம ரெண்டு கோடும் ஒண்டா வடிவாத் தெரியாது. அதுதான் அந்தப் படத்துக்கு முன்னால நிக்கிற ஆள்ட நிலமை. இத வீட்டுப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு செய்யலாம்.

குவர்னிக்கா ஸ்பெயின்ல ஒரு ஊருக்குக் குண்டு போட்டதப் பத்தின படம். யுத்தத்தப் பாத்த நம்மட ஆக்களுக்கு அத விளங்க லெக்சர் தேவையில்ல, பாத்த உடனே நெஞ்சு அடைக்கும். அதுக்காகத்தான் சொல்றன், இந்த மாதிரிப் படத்திலதான் விவரிக்கிற படிய இன்னும் கவனமாச் செய்யோணும். அதில பிளேனும் இல்ல, குண்டும் இல்ல. செத்த பிள்ளையோட கத்துற தாய், நடுவில குதிரை, மாடு ஒண்டு, விழுந்து கிடக்கிற ஆள்ட கையில உடைஞ்ச வாள், மேல ஒரு பல்ப், ஜன்னலால விளக்கோட கை நீட்டுற பொம்பிள, நிறம் எண்டு பாத்தா கறுப்பு, வெள்ளை, சாம்பல். அடிச்சவன் ஆரெண்டு காட்டாம அடிபட்டவங்கள மட்டும் காட்டியிருக்கார் எண்டது இப்பிடி ஒவ்வொண்டா எழுதினாத்தான் பிடிபடும், அழுகைய மட்டும் எழுதினா மார்க்ஸும் வராது, பிக்காசோ செஞ்ச வேலையும் தெரியாமப் போயிரும்.

கோடு, வடிவம், நிறம், டெக்ஸ்சர், வெளி, சமநிலை, தாளம் எண்டு வாற சொல்லுகள மனப்பாடம் பண்ணாதீங்க, நம்மட ஊர்லயே பாத்துப் பழகுங்க. மருதமுனைத் தறியில நெஞ்ச சாரன் ஒண்ட எடுத்து வெயில்ல பிடிச்சுப் பாருங்க, நெடுக்கால ஓடுற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கால ஓடுற ஊடை நூல் ஒரு நிறம், ரெண்டும் சந்திக்கிற இடத்தில மூண்டாவது ஒரு நிறம் தெரியும், கட்டம் எத்தின விரலுக்கு ஒருக்காத் திரும்பி வருது எண்டு எண்ணினா அதுதான் தாளம். டெக்ஸ்சர், அதாவது மேல்பக்கம் வழவழப்பா சொரசொரப்பா எண்டது, ஸ்கிரீன்ல விளங்கவே விளங்காது, தொட்டுப் பாத்தாத்தான் விளங்கும். சிற்பத்த எல்லாப் பக்கத்தாலயும் பாக்கிற, ஒரு பக்கத்தால பாக்கிற எண்டு பிரிக்கிற பாடம் வரும்போது வடமோடிக் கூத்த நினைச்சுக்கொள்ளுங்க, வட்டக்களரியச் சுத்தி ஆக்கள் இருக்கிறதால ராசா வேசத்துக்குப் போடுற கரப்புடுப்பு முன்னுக்கு மட்டும் வடிவா இருந்தாப் போதாது, ராசாட முதுகையும் ஊர் பாக்கும்.

இங்கிலிஷ் பத்திக் கனபேர் பயப்பிடுறாங்க. முதல்ல தமிழ்லயே முழுசா எழுதிப் போட்டு, மறுகா சின்னச் சின்ன வசனமா இங்கிலிஷுக்குக் கொண்டுபோங்க, படத்தில உள்ளத உள்ளபடி சொல்ற வசனத்துக்குப் பெரிய இங்கிலிஷ் தேவையில்ல. நெட்ல இருந்தோ ஏஐல இருந்தோ அப்பிடியே எடுத்து ஒட்டாதீங்க, பிடிபடும் எண்டதவிட, கண் பழகிறதுக்கு எண்டு சேர்ந்த கோர்ஸ்ல கண்ணுக்கு வேலை குடுக்காம விட்டா காசும் நேரமும்தான் வீண்.

சில கோர்ஸ்ல மியூசியத்துக்கோ கலரிக்கோ போய் ரிப்போர்ட் எழுதச் சொல்லுவாங்க. நீங்க இருக்கிற இடத்த லெக்சரருக்கு முதல் கிழமையே எழுதி, இங்க உள்ளதப் பாத்து எழுதலாமா எண்டு கேளுங்க. கல்லடியில கிழக்குப் பல்கலைக்கழகத்துர சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில மாணவர் கண்காட்சி வைக்கிற நேரம் பாத்துப் போகலாம், வேலை செஞ்ச பிள்ளைய அதிலயே பிடிச்சுக் கேள்வி கேக்கலாம், பாரிஸ் லூவர் மியூசியத்துக்குப் போனாலும் அது கிடைக்காது. கொழும்புக்குப் போற அலுவல் இருந்தா பார்ன்ஸ் பிளேஸ்ல சபுமல் பவுண்டேஷன் இருக்கு, ஓவியர் ஹரி பீரிஸ்ட வீடு, 1943ல தொடங்கின நம்மட நாட்டு ஓவியர்மார்ட 43 குழுவுர ஓவியங்கள அங்க நேராப் பாக்கலாம்.

டேட்டா குறைவு எண்டா வீடியோவ வைஃபை உள்ள இடத்தில டவுன்லோட் பண்ணி வச்சிட்டு, டேட்டாவப் படங்களச் சூம் பண்ணிப் பாக்க மிச்சம் பிடிங்க. டெட்லைன் நேரத்தயும் சரியாக் கணக்குப் பாக்கோணும், நியூயோர்க் நேரம் இரவு 11.59 எண்டு போட்டிருந்தா நமக்கு அது அடுத்த நாள் காலம 9.29, அங்க குளிர்காலம் எண்டா 10.29. காலம கரண்டோ லைனோ போனா ஒண்டும் செய்யேலாது, அதால முதல் நாள் ராவே அப்லோட் பண்ணிட்டு, ஃபைல் ஒழுங்காத் திறக்குதா எண்டு ஒருக்காப் பாத்திருங்க.