இருவராகப் பாய்மரப் படகில்: பிரிஸ்பேனிலிருந்து விட்சண்டே தீவுகளுக்குப் புறப்படும் முறை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டி, பிரிஸ்பேனின் மோர்ட்டன் விரிகுடாவிலிருந்து வடக்கே விட்சண்டே தீவுகள் வரை 500 கடல் மைலுக்குச் (ஒரு கடல் மைல் 1.85 கி.மீ.) சற்று அதிகமான தூரம் உள்ளது. கரையோரமாக நெடுந்தூரம் பாய் விரித்துச் செல்ல முதன்முறையாக எண்ணும் கணவன் மனைவிக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இது. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலம் முழுவதும் தென்கிழக்குக் காற்றே பெரும்பாலும் வீசுவதால் வடக்கே போகும் படகுக்கு அது பின்காற்றாக அமைகிறது. பயணத்தின் பெரும்பகுதியைப் பகலில் ஓடி இரவில் நங்கூரமிட்டுக் கடக்கலாம்.

படி 1: இருவரும் தனியே படகோட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

மற்ற ஆயத்தங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். பெரும்பாலான தம்பதியரில் ஒருவர் தலைவராகவும் மற்றவர் உதவியாளராகவும் அமைந்துவிடுகிறார்கள். தலைவர் தளத்தில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாலோ காய்ச்சலில் படுத்துவிட்டாலோ, ஓட்டத் தெரியாத ஒருவரிடம் படகு வந்து சேர்கிறது. ஆகவே இயந்திரத்தை இயக்குவது, முதன்மைப் பாயைச் சுருக்குவது, நங்கூரம் இடுவது, வி.எச்.எஃப் ரேடியோவின் 16ஆம் அலைவரிசையில் உதவி கோருவது ஆகிய நான்கையும் இருவரும், மற்றவர் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும்போதே, செய்து பழக வேண்டும். குயின்ஸ்லாந்தில் 4.5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரமுள்ள படகை ஓட்ட உரிமம் தேவை. அதையும் இருவருமே பெற்றுவிடுங்கள்.

கடலில் விழுந்தவரை மீட்கும் பயிற்சிக்குத் தனியாக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இருவர் படகில் ஒருவர் விழுந்தால், அவரைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவும் படகைத் திருப்பவும் எஞ்சியிருப்பது ஒரே ஆள்தான். மிதவை ஒன்றைக் கடலில் எறிந்து, ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைப் பதிந்து, முன்பாயை அவிழ்க்காமலே படகின் முகத்தைக் காற்று வரும் திசையைக் கடந்து மறுபக்கம் திருப்புங்கள். பாய் பின்தள்ளப்பட்டு வேகம் உடனே குறைந்துவிடும். நீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும், இல்லையேல் கயிறு சுழல்விசிறியில் சுற்றிக்கொள்ளும். நனைந்த உடையோடு சோர்ந்துபோன ஒருவரைத் தளத்துக்குத் தூக்குவதே இதில் மிகக் கடினமான பகுதி. பாயேற்றும் கயிற்றையும் வின்ச்சையும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) கொண்டு தூக்கும் முறையை, உடல் வலிமை குறைந்தவர் செய்து பார்க்க வேண்டும். அவரால் முடியவில்லையென்றால் கப்பித் தொகுதி ஒன்றை வாங்கிச் சேர்த்துவிட்டு மீண்டும் பயிலுங்கள். விழாமல் இருப்பதே முதல் காப்பு என்பதால், தனியாகக் காவலிருப்பவர் எப்போதும் உயிர்காப்பு அங்கியோடு தன்னைப் படகுடன் வாரால் பிணைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மாறாத விதியாக வையுங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், தேதியைக் குறிக்காதீர்கள்

புயல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. எனவே மே மாதத்தில் புறப்பட்டு, இளவேனிலில் வடக்குக் காற்று தலைகாட்டும் செப்டம்பர், அக்டோபரில் தெற்கே திரும்புவது நல்லது. இன்ன நாளில் இன்ன துறையில் சந்திப்போம் என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவே பலர் தகாத வானிலையில் புறப்படுகிறார்கள். ஆஸ்திரேலிய வானிலை மையம் அறிவிக்கும் காற்று வேகம் சராசரிதான். திடீர் வீச்சு அதைவிட 40 விழுக்காடு வரை கூடலாம், தனி அலை அறிவித்த உயரத்தைப் போல் இரு மடங்கு வரை எழலாம் என்று அம்மையமே எச்சரிக்கிறது. முதல் சில வாரங்களுக்கு, 20 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) மேல் காற்று முன்னறிவிக்கப்பட்ட நாளில் நங்கூரத்தை எடுக்காமலிருங்கள்.

படி 3: கருவிகளும் இருப்பும்

ஈபெர்ப் என்னும், ஆபத்தில் படகின் இடத்தை அறிவிக்கும் அவசர ரேடியோக் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டாயம் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம். யெப்பூனை அடுத்த ராஸ்லின் பேயை விட்டால் மக்காய் வரை, ஏறத்தாழ 150 கடல் மைலுக்கு, படகுத்துறை வசதி இல்லை. ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் இரண்டு வாரக் குடிநீரை ராஸ்லின் பேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இடையிலுள்ள ஷோல்வாட்டர் விரிகுடா இராணுவப் பயிற்சிப் பகுதி. மூடியிருக்கும் நாட்களை முன்பே பாருங்கள்.

படி 4: வைட் பே மணல்திட்டைக் கடத்தல்

இந்த வழியில் முதல்முறை செல்வோர் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். இன்ஸ்கிப் முனைக்கும் கேகாரி தீவுக்கும் இடையிலான முகத்துவாரத்தில், வற்றுநீர் வெளியே பாயும்போது எதிரே வரும் கடலலை செங்குத்தாக எழுந்து உடையும். மூலூலாபாவிலிருந்து டபிள் ஐலண்ட் முனை வரை ஏறத்தாழ 45 கடல் மைல், 5 நாட் வேகத்தில் 9 மணி நேரம். அங்கிருந்து திட்டு வரை ஆகும் நேரத்தையும் சேர்த்து, கடல்நீர் ஏறும் பெருக்கு முடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், பகல் வெளிச்சத்தில், திட்டை அடையுமாறு புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், அண்மைய வழிப்புள்ளிகளை (ஜி.பி.எஸ். கருவியில் இடவேண்டிய இடக்குறிப்புகள்) உள்ளூர்க் கடல் மீட்புத் தன்னார்வலர்களிடம் ரேடியோவில் கேட்டுப் பெறுங்கள். அலை உடைவதாக அவர்கள் சொன்னால், டபிள் ஐலண்ட் முனைக்குப் பின்னால் நங்கூரமிட்டுக் காத்திருங்கள். உங்களில் யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் கடப்பதில்லை என்று கரையிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்; மறுப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

படி 5: நங்கூரச் சங்கிலியின் கணக்கு

வடக்கே போகப் போக நீரேற்றம் பெருகும். மக்காய் அருகே அது 6 மீட்டரைத் தாண்டும். வற்றில் 4 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 5 மீட்டர் ஏற்றம் வருமானால், நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டரையும் கூட்டி 10 மீட்டருக்குக் கணக்கிட வேண்டும். சங்கிலியின் நீளம் அதைப் போல் ஐந்து மடங்கு என்றால் 50 மீட்டர். மாலையில் வந்திறங்கும்போது தெரியும் ஆழத்தை மட்டும் நம்பினால் நள்ளிரவில் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகரும். க்ளாட்ஸ்டனை நெருங்கியதும் உப்புநீர் முதலைகள் வாழும் நீர் தொடங்குகிறது. நங்கூரம் பிடித்துள்ளதா என்று ஓடைகளில் மூழ்கிப் பார்க்கும் வழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி, கரையிலுள்ள இரு அடையாளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

நங்கூரம் பிடித்த பிறகு, காலையில் பயணத் திட்டத்தைப் பதிந்த மீட்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்ததைத் தெரிவியுங்கள். அதை மறந்தால், நீங்கள் உறங்கும் நேரத்தில் அவர்கள் உங்களைத் தேடத் தொடங்குவார்கள்.