அத்தானின் கடிதத்தில் இருந்த ஒரு வரி: அமெரிக்கப் படைவீரரின் பிள்ளைக்குப் படிப்புதவி கேட்பது எப்படி

அத்தான் அமெரிக்க இராணுவத்தில் இருந்து காயப்பட்டு வந்தவர். அவரும் அக்காவும் ரெக்சாசில், நான் கொக்குவிலில். பெறாமகள் கல்லூரிக்குப் போகிற நேரம் படிவ அலுவல் முழுக்க வட்ஸ்அப் வழியாக என் மேசைக்கு வந்தது. இப்படி இங்கிருந்தபடியே வெளியில் உள்ள சொந்தங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எந்தத் திட்டம்?

தாயோ தகப்பனோ 2001 செப்டெம்பர் 11 அன்றோ அதன் பிறகோ கடமையின்போது இறந்திருந்தால் ஃபிரை புலமைப்பரிசில். கல்விக் கட்டணம் நேரே கல்லூரிக்குப் போகும். சேவையால் வந்த பாதிப்பில் நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமற் போனவரின் பிள்ளைக்கு டி.ஈ.ஏ. (DEA) என்ற கல்வி உதவித் திட்டம். அதில் மாதாமாதம் பிள்ளைக்குக் காசு வரும், கட்டணத்தை நாங்கள் கட்டவேண்டும். இன்று தொடங்குகிறவர்களுக்கு இரண்டும் 36 மாதங்கள்தான். இரண்டுக்கும் தகுதியான பிள்ளை ஆறுதலாக யோசிக்கட்டும்: பெற்றோர் 2011 ஓகஸ்ட் 1இலோ பிறகோ இறந்திருந்தால் ஒன்றைத்தான் எடுக்கலாம், எடுத்தபின் மாற்ற முடியாது.

2. கடிதத்தை வடிவாய் வாசியுங்கள்

"கடிதத்தில் இயலாமை நூறு வீதம் என்று போட்டிருக்கு, வேறென்ன வேணும்?" என்றா அக்கா. நானும் நம்பி அனுப்பினேன். மறுத்துவிட்டார்கள். நூறு வீதம் என்றால் 'முழுமை' மட்டும்தான். 'நிரந்தரம்' என்று தனியே தீர்மானித்திருக்கவேண்டும். படைவீரர் விவகாரத் திணைக்கள இணையத்தளத்தில் அத்தானின் கணக்கால் நுழைந்து நலன்களின் சுருக்கக் கடிதத்தை இறக்கினோம். சேவைப் பாதிப்பால் முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாதவராகக் கருதப்படுகிறீர்களா என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்று கிடந்தது. இரவிரவாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தான் தன் வைத்தியரிடம் நிலைமை இனி மாறாது என்று எழுதி வாங்கி, நிரந்தரமாக்கும்படி கேட்டார். புதுக் கடிதத்தில் 'ஆம்' வந்தது, திகதியோடு. அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள். அது 2023 ஓகஸ்ட் 1இலோ பிறகோ என்றால் பிள்ளைக்குக் காலக்கெடு இல்லை. பிள்ளை 18 வயதானதோ பள்ளி முடித்ததோ 2023 ஓகஸ்ட் 1இலோ பிறகோ என்றாலும் அப்படித்தான். மற்றவர்களுக்குப் பொதுவாக 18 முதல் 26 வயது வரை. பிள்ளை கலியாணம் கட்டியிருந்தாலும் தகுதி போகாது.

3. படிவம்

இரண்டு திட்டத்துக்கும் 22-5490தான். போனில் நிரப்பாதீர்கள், மடிக்கணினியே நல்லது. கடிதங்களைப் படம் பிடித்து அனுப்பாமல் பிடிஎஃப் ஆகவே வைத்திருங்கள். கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்பதை அதே திணைக்கள இணையத்தளத்தில் உள்ள ஜி.ஐ. பில் (GI Bill) ஒப்பீட்டுக் கருவியில் நீங்களே தேடுங்கள். சேர்த்துவிடுகிற ஆட்களின் வாய்ச்சொல்லை நான் நம்பமாட்டேன்.

பிற்சேர்க்கை: தகப்பனின் கடைசிப் பெயரும் பிள்ளையின் கடைசிப் பெயரும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டதால் இது. எங்கள் வழக்கப்படி அத்தானின் கடைசிப் பெயர் அவருடைய ஐயாவின் பெயர், பிள்ளையின் கடைசிப் பெயர் அத்தானின் பெயர். படிவத்தில் இரண்டும் பொருந்தாது. பயந்து பெயரை மாற்றி எழுதவேண்டாம். பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்ததால் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலப் பிரதியோடு சேர்த்துக் கொடுத்தோம். மொழிபெயர்ப்பில் அத்தானின் பெயர் எழுத்துக்கு எழுத்து அவருடைய சேவைப் பத்திரத்தில் உள்ளபடி வரவேண்டும். பத்திரத்தின் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடம் முதலே கொடுத்துவிடுங்கள்.

4. அனுமதி வந்த பிறகு

கடிதம் வந்ததும் பிள்ளை கல்லூரியில் படைவீரர் நலன்களை உறுதிப்படுத்தும் அலுவலரிடம் அதைக் கொடுக்கவேண்டும். பிள்ளையின் பதிவை அவர் அறிவித்தால்தான் காசு வரும். ஒவ்வொரு தவணையும் பாடங்களைப் பதிந்த கையோடு அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.