பழைய த்ராஷை மீட்கும் புதிய ஆல்பங்கள்: கேட்பவரும் கிற்றார் வாசிப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரைச் சேர்ந்த பவர் ட்ரிப் குழு, 2017 பெப்ரவரியில் ‘நைட்மேர் லொஜிக்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதில் எட்டுப் பாடல்கள்தான் உள்ளன. முழுவதையும் கேட்டு முடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். வேகமும் கடினமும் கூடிய ராக் இசைவகையான 1980களின் த்ராஷ் மெட்டலை மீட்டெடுக்க முனைந்த ஆல்பங்களுள் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் கணிப்பு. திருகோணமலையில் மெட்டல் கேட்போர் தொகை சிறிது. உவர்மலையிலும் உப்புவெளியிலும் கைத்தொலைபேசி வழியாகவே இவ்விசையை அறிந்துகொண்ட அந்தச் சிறு கூட்டத்தினரிடையே இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, “பழையதை அப்படியே கொப்பியடித்திருக்கிறார்கள்” என்று ஒரு சாராரும், “எண்பதுகளில் வந்ததைப் போலவே இருக்கிறது, அதனால் அருமை” என்று மறுசாராரும் சொல்லி முடித்துவிடுகின்றனர். ஒன்று வசை, மற்றது வாழ்த்து. ஆயினும் இரண்டிலும் உள்ள பிழை ஒன்றே. ஆல்பம் எந்த அளவுக்குப் பழையதை ஒத்திருக்கிறது என்று அளக்கிறார்களே தவிர, பழைய முறையைக் கையில் எடுத்துக்கொண்டு அது என்ன செய்திருக்கிறது என்று கேட்பதில்லை.

இந்தப் பிழை பெரும்பாலும் எண்பதுகளின் த்ராஷ் முழுவதையும் ஒரே இசையாகக் கொள்வதிலிருந்து தொடங்குகிறது. மெட்டாலிக்காவின் முதல் ஆல்பம் 1983இலும் எக்ஸொடஸின் முதல் ஆல்பமான ‘பொண்டட் பை பிளட்’ 1985இலும் வெளிவந்தன. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேரூன்றிய இந்தக் கிளை, வேகத்தைக் கூட்டியபோதும் பிரித்தானிய ஹெவி மெட்டலிடமிருந்து பெற்ற பாடற்கட்டமைப்பையும் இரட்டைக் கிற்றார் இசைவையும் கைவிடவில்லை. ஜேர்மனியின் ரூர் தொழில் வட்டாரத்தில், எஸன் நகரின் கிரியேட்டரும் கெல்சன்கிர்ஹன் நகரின் சொடமும் வளர்த்த கிளை இதைவிடக் கரடுமுரடானது; சொடமின் பாடகர் டொம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பதை அறிந்தபின் அந்தக் குரலைக் கேட்டால், அதில் மெருகை எதிர்பார்க்கத் தோன்றாது. மூன்றாவது கிளை ஹார்ட்கோர் பங்க் என்ற குறுகிய, ஆவேசமான ராக் இசையோடு கலந்தது. டி.ஆர்.ஐ. என்ற குழு 1987இல் ‘கிரொஸ்ஓவர்’ என்ற பெயரிலேயே ஓர் ஆல்பத்தை வெளியிட்டது. அக்கிளை இன்றும் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. பாடல்கள் சிறியவை, தனிக் கிற்றார் வாசிப்பு குறைவு, கூட்டமாகச் சேர்ந்து கத்தும் பல்லவிகள் அதிகம்.

பவர் ட்ரிப்பின் ஆல்பம் இந்த மூன்றாவது கிளையின் பிள்ளை என்பதை அறியாமல் அதை மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஒஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு, எட்டு நிமிடப் பாடல் இல்லையே, மெல்லிசைப் பகுதி இல்லையே என்ற குறைகள் மட்டுமே தென்படும். எந்தக் கிளையை மீட்க நினைத்தார்களோ அந்தக் கிளையின் ஆல்பங்கள் இரண்டையாவது கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே முறை. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரைச் சேர்ந்த ஈவைல் குழு 2007இல் வெளியிட்ட ‘என்டர் த கிரேவ்’ ஆல்பத்தை மதிப்பிடும்போதுதான் மெட்டாலிக்காவை அருகில் வைப்பது பொருந்தும். ஏனெனில் மெட்டாலிக்காவின் எண்பதுகளின் ஆல்பங்களில் பணியாற்றிய டென்மார்க் ஒலிப்பதிவாளர் ஃபிளெமிங் ராஸ்முசனைக் கொண்டே அதைத் தயாரித்தார்கள். அது திறமையாக வாசிக்கப்பட்ட ஆல்பம். எனினும் அதைக் கேட்டு முடித்த பின் ஈவைலின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார்ச் சுரத்தொடர்) ஒன்றை முணுமுணுப்பதைவிட மெட்டாலிக்காவைத் தேடிப் போடத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த தவறு, வேகத்தையே அளவுகோலாக்குவது. ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ 1986இல் வந்தது. பத்துப் பாடல்கள் 29 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், அதன் கசெற்றில் இரண்டு பக்கங்களிலும் முழு ஆல்பத்தையும் பதிந்து விற்றார்கள். அதைக் கேட்டுப் பழகியவர், மிதமான நடையில் செல்லும் ‘எக்ஸிகியூஷனர்ஸ் டக்ஸ்’ என்ற பாடலைக் கேட்டதும் பவர் ட்ரிப் சோர்ந்துவிட்டது என்கிறார். கோணேசர் கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு இதை விளக்குவது எளிது. தாளத்தின் கதி அப்படியே இருக்க, முதற்காலத்தில் விழுந்த அடிகள் இரண்டாங்காலத்தில் இருமடங்காகும்போது, தாளம் போடும் கை விரைவதில்லை. த்ராஷிலும் இதுவே நடக்கிறது. ஸ்னேர் என்ற மேளத்தின் அடி இடைவிடாமல் மாறிமாறி விழும் பகுதியிலிருந்து, அது பாதியாகக் குறைந்து கனமாக விழும் பகுதிக்குப் பாடல் திரும்பும்போது, அடிப்படைக் கதி பெரும்பாலும் மாறுவதில்லை. இடைவெளி மட்டுமே அகலுகிறது. அந்த அகன்ற இடைவெளியில் ரிஃப் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதே குழுவின் தரத்தைக் காட்டும். முழு ஆல்பத்தையும் ஒரே உச்ச வேகத்தில் ஓட்டும் மீட்பு ஆல்பங்கள் நிறைய உண்டு. மூன்றாவது பாடலுக்குள் அந்த வேகம் காதுக்குப் பழகிப்போய், வேகமாகவே தோன்றாமல் போய்விடுகிறது.

ஒலிப்பதிவு பற்றிய பேச்சில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய ஒலி என்றால் மங்கலான, தரம் குறைந்த ஒலி என்று பலர் எண்ணுகின்றனர். ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தில் எதிரொலிப்பு கிட்டத்தட்ட இல்லை; ஒவ்வொரு அடியும் முகத்துக்கு அருகில் விழுவதைப் போல வறண்டு, தெளிவாக இருக்கும். ‘நைட்மேர் லொஜிக்’ ஆல்பத்தைத் தயாரித்த ஆர்தர் ரிஸ்க் அதற்கு நேர்மாறாகக் குரலுக்குப் பெரிய கூடத்தின் எதிரொலிப்பைக் கொடுத்து, கிற்றார்களை மட்டும் இறுக்கமாக வைத்தார். இரண்டுமே எண்பதுகளில் புழங்கிய வழிகள்தான். பழைய ஒலியை உண்மையில் கெடுப்பது, ஒலித்தொகுப்பின் கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தள்ளி நசுக்குவதாகும். மெட்டாலிக்காவின் 2008ஆம் ஆண்டு ஆல்பமான ‘டெத் மக்னெற்றிக்’ இதற்குத் தெரிந்த உதாரணம்: குறுந்தட்டில் வந்த வடிவம் அளவுக்கு மீறி நசுக்கப்பட்டு உரப்பாக ஒலிக்க, ‘கிற்றார் ஹீரோ’ என்ற கணினி விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட அதே பாடல்கள் நசுக்கப்படாமல் இருந்ததை இரசிகர்களே கண்டுபிடித்து முறையிட்டார்கள். ஆகவே ஓர் ஆல்பம் சத்தமாக இருப்பதையும் அது அழுத்தமாக இருப்பதையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில், இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கைத்தொலைபேசியின் ஒலியைக் கூட்டிக் கேட்டுவிட்டு “பாஸ் கிற்றாரே இல்லை” என்று தீர்ப்பெழுதுவதும் இந்த வகையில்தான் சேரும். விலை குறைந்த ஹெட்போன் போதும். வீட்டில் அமைதியாக ஒருமுறை கேட்டால் சரி.

அட்டைப்படத்தைப் பார்த்து ஆல்பத்தை எடைபோடுவது பற்றி நீட்டத் தேவையில்லை. மெகாடெத்தின் 1986ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு, இடிந்துகிடக்கும் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தின் முன் எலும்புக்கூட்டை நிறுத்தி வரைந்தவர் எட் ரெப்கா. அவரது பாணியில் வண்ணம் தீட்டிய பிணங்களும் நச்சுக் கழிவுகளும் இன்று நூற்றுக்கணக்கான அட்டைகளில் உள்ளன. அவற்றால் உள்ளே இருக்கும் ரிஃப் நன்றாவதும் இல்லை, கெடுவதும் இல்லை.

பாடல் வரிகள் வேறு கதை. எண்பதுகளின் குழுக்கள் அணுகுண்டைப் பற்றிப் பாடியது, பனிப்போர்க் காலத்தில் அந்த அச்சம் அவர்களது நாளாந்த வாழ்வில் இருந்ததால். இன்றைய குழு அதே வரிகளைத் திருப்பிப் பாடினால் அது வேடம் மட்டுமே. ஆனால் இங்கும் அவசரத் தீர்ப்பு ஆகாது. வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரைச் சேர்ந்த மியூனிசிபல் வேஸ்ட் குழு, ‘த ஆர்ட் ஒஃப் பார்ட்டியிங்’ என்ற 2007ஆம் ஆண்டு ஆல்பத்தில் குடியையும் கும்மாளத்தையும் பாடுவது தெரிந்தே செய்யும் பகடி. அதை ஆழமில்லாத ஆல்பம் என்று குறைசொல்வது, நகைச்சுவை நாடகத்துக்குப் போய்விட்டு அழுகை வரவில்லை என்று வருந்துவதாகும். கலிபோர்னியாவின் வோர்பிரிங்கர் குழு எதிர்த்திசையில் சென்றது: 2017இல் வந்த ‘வோ டு த வான்குவிஷ்ட்’ ஆல்பத்தின் இறுதியில் முதலாம் உலகப் போரைப் பற்றிப் பதினொரு நிமிட அளவில் ஒரு பாடலை வைத்தது. பவர் ட்ரிப்பின் பாடகர் ரைலி கேல், 2020இல் காலமானவர், அதிகாரத்தையும் சுரண்டலையும் தம் காலத்துச் சொற்களில் எழுதினார். பழைய முறை மூவரிடமும் உண்டு. எதைச் சொல்ல அதைப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

இதனால்தான், திருகோணமலையில் குழு அமைக்க எண்ணும் இளைஞர்கள் அமெரிக்கப் பாடல்களின் ஏவுகணைகளையும் பிணக்குவியல்களையும் அப்படியே எடுத்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது. அந்தப் போருக்கு முன்னும் பின்னும் எண்ணெய் நிரப்பிய பெருந்தாங்கிகள் சீனக்குடாவில் இன்றும் நிற்கின்றன. அதற்குப் பின்வந்த உள்நாட்டுப் போரைப் பற்றி இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. போரைப் பார்த்தவர்கள் வாழும் தெருவில், போரை ஒரு திரைப்படப் பின்னணியைப் போலப் பாடுவது ரசனைக் குறைவு என்பதோடு நிற்காமல், கேட்பவரைப் புண்படுத்தவும் கூடும். எழுதுவதானால் பெயரும் இடமும் காலமும் தெரிந்து எழுத வேண்டும். அல்லது கடன், வேலையின்மை, வெளிநாட்டு முகவர் என்று அருகில் இருப்பதை எழுதலாம். த்ராஷ் எதையும் தாங்கும்.

வாசிப்பில் வரும் தவறுகளுள் முதன்மையானது, கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனை முடிந்தமட்டும் கூட்டிவிடுவது. த்ராஷ் ரிஃப்பின் உயிர், மீட்டும் கையின் உள்ளங்கை ஓரத்தைக் கிற்றாரின் உடலில் கம்பிகள் தொடங்கும் இடத்தில் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் உடனுக்குடன் துண்டிப்பதில் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் கூடக்கூட அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெறும் இரைச்சலாகிவிடும். அம்ப்பின் (ஒலிபெருக்கியின்) கெயின் எனப்படும் பெருக்க அளவைக் குறைத்து, அதற்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை, அதன் டிரைவைக் குறைத்தும் லெவலைக் கூட்டியும் வைத்தால், தாழ்ந்த ஒலிகளின் தளர்வு நீங்கி ரிஃப் இறுகும். கம்பிகளை மிகத் தாழ்வாகச் சுருதி சேர்ப்பதும் இதே தளர்வைத்தான் கொண்டுவரும். அது பின்னாளில் வந்த மெட்டல் வகைகளின் பழக்கம். ஸ்லேயர் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்துக்கு அரைச் சுரம் மட்டுமே இறக்கியது.

கையைப் பழக்குவதில் குறுக்குவழி தேடுவது இன்னொன்று. மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஒஃப் பப்பெட்ஸ்’ பாடல் நிமிடத்துக்கு 212 அடிகள் என்ற அளவில் செல்கிறது. அதன் முதன்மை ரிஃப்பை மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே மீட்டி வாசிக்கிறார்கள். மேலும் கீழுமாக மீட்டினால் கை களைக்காது, ஆனால் அந்த ஒரே சீரான கடினம் கிடைக்காது. தாள அளவு காட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 140 அடிகளில் வைத்துத் தொடங்கி, தோள் இறுகாமல் வாசிக்க முடிந்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். கடற்காற்று வீசும் நம் ஊரில் உருக்குக் கம்பிகள் விரைவில் துருப்பிடித்து ஒலி மங்கிவிடுவதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பதும் இந்தப் பயிற்சியின் பகுதியாகும்.

இறுதியாக, வீட்டுக் கணினியில் பதிவுசெய்வோர் ஒரு கிற்றார்ப் பதிவையே பிரதி எடுத்து இடப்புறமும் வலப்புறமும் வைத்துவிட்டு, ஒலி அகலவில்லை என்று குறைப்படுகின்றனர். ஒரே பதிவு இரு பக்கமும் வந்தால் காது அதை நடுவிலிருந்து வரும் ஒற்றை ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். அதே ரிஃப்பை இரண்டாம் முறை புதிதாக வாசித்து மறுபக்கத்தில் வைக்க வேண்டும்; இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே இருக்கும் நுண்ணிய வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது. அந்த வேறுபாடு தாளப் பிசகாகவே கேட்டால், கணினியில் வெட்டி ஒட்டாமல் மூன்றாம் முறையும் வாசிக்க வேண்டும்.