மொட்டை மாடி அறையை ஓவிய ஸ்டூடியோ ஆக்குவது எப்படி?

அறை கிடைத்துவிட்டது, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. உடனே பெரிய ஈசல் (கேன்வாஸை நிறுத்தி வரையும் தாங்கி), டிராயர் வைத்த மேசை, அலமாரி என்று வாங்கி மேலே ஏற்றத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எந்த ஜன்னலில் எந்த நேரத்தில் எப்படிப்பட்ட வெளிச்சம் வருகிறது என்று தெரிந்தால்தான் ஈசல் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும், ஈசல் நின்ற பிறகுதான் மேசை, விளக்கு, பெயின்ட் டப்பா எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு மாதமும் சாமான்களை நகர்த்திக்கொண்டே இருப்பீர்கள்.

சென்னையிலோ பக்கத்திலோ, ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை, அதில் ஆயில் (எண்ணெயில் குழைத்த பெயின்ட்) அல்லது அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) வரையும் ஒருவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்னும் அறையே பார்க்கவில்லை என்றால், கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தையும், 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓவியர்கள் புழங்கும் இடம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்ப்பது பத்து வீடியோ பார்ப்பதைவிட உதவும்.

படி 1: வெயிலைச் சாக்பீஸால் குறியுங்கள்

அறை காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து எந்தச் சுவர் வடக்கு என்று பாருங்கள். ஒரு நாள் காலை ஏழு, பத்து, மதியம் ஒன்று, மாலை நான்கு என்று நேரம் பிரித்து, வெயில் தரையில் விழும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுப் பக்கத்திலேயே மணியையும் எழுதுங்கள். கோடு விழாத இடம்தான் உங்களுக்கு வேண்டிய இடம். நேரடி வெயில் படும் கேன்வாஸில் நிறத்தின் அழுத்தத்தைச் சரியாகப் பார்க்க முடியாது, அரை மணி நேரத்தில் வெயில் நகர்ந்ததும் நீங்கள் கலந்து வைத்த நிறம் வேறு மாதிரி தெரியும்.

வடக்கு ஜன்னல்தான் ஓவியனுக்கு ஏற்றது என்று எல்லாப் பாடத்திலும் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவில் உருவான விதி. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில், அதனால் இங்கே கதை வேறு. சித்திரை இரண்டாம் வாரத்தில், அதாவது ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். அதைத் தாண்டி வடக்கே போய், ஆவணி பிறக்கும் சமயத்தில்தான் திரும்பவும் உச்சிக்கு வரும். இந்த நான்கு மாதமும் நண்பகலில்கூட வடக்கு ஜன்னல் வெயில் வாங்கும். நண்பகல் வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் ஒன்றரை அடி சன்ஷேடே தடுத்துவிடும். தொல்லை காலையிலும் மாலையிலும்தான், வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சாய்வாக உள்ளே வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் பாதிக்கு மேல் வரை அந்தத் தொல்லையும் கிடையாது, பாடத்தில் சொன்னபடியே வடக்கு ஜன்னல் நடந்துகொள்ளும்.

அந்தச் சாய்வு வெயிலுக்கு மலிவான வழி, வெளுத்த பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கயிற்றில் திரை மாதிரி கட்டுவது. ஜன்னல் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டினாலும் சரி. இரண்டும் வெயிலை மென்மையான வெளிச்சமாக மாற்றி உள்ளே விடும். கலர் ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம்.

தெற்கு ஜன்னல் மட்டும்தான் உங்களுக்கு என்றால் ஐப்பசி முதல் மாசி வரை நல்ல வெயில் உள்ளே வரும், அப்போதும் இதே வேட்டி வைத்தியம்தான். மேற்கு ஜன்னல் மட்டும் உள்ள மாடி அறையை முடிந்தால் விட்டுவிடுங்கள், மாலையில் உட்கார முடியாது.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை: எதிர் வீட்டுச் சுவர் என்ன நிறம்? நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ரோஸ் நிறமோ கிளிப்பச்சையோ அடித்திருப்பார். உங்கள் வடக்கு ஜன்னலுக்கு ஆறு அடி தள்ளி அந்தச் சுவர் இருந்தால், உள்ளே வருவது வானத்து வெளிச்சமல்ல, அந்தப் பச்சையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். ஒரு வெள்ளைத் தாளை ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்படியிருந்தால் ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டை வைத்து மறைத்துவிட்டு மேல்பாதியில் வரும் வெளிச்சத்தை மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேச வேண்டாம்.

படி 2: ஈசலை நிறுத்துங்கள்

இப்போதைக்குக் கையில் இருக்கும் சின்ன ஈசலே போதும். வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும், இடது கைக்காரருக்கு நேர் எதிர். இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழல் தூரிகை படும் இடத்திலேயே விழும். கேன்வாஸின் நடுப்பகுதி ஏறக்குறைய உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். ஈசலுக்குப் பின்னால் அல்ல, உங்களுக்குப் பின்னால் இடம் விடுங்கள், குறைந்தது ஆறு அடி. மூன்றடிப் படத்தைக் கையெட்டும் தூரத்தில் நின்றே வரைந்து முடித்தால் அது சுவரில் ஏறிய பிறகுதான் கோணல் தெரியும். அறை சிறியது, ஆறடி கிடைக்காது என்றால் எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டுங்கள். திரும்பி அதில் பார்த்தால் தூரமும் இரட்டிப்பாகும், படமும் இடம் வலமாக மாறித் தெரிவதால் தப்பு உடனே கண்ணில் படும்.

ஆயில் வரைபவர்கள் ஈசலின் மேல் பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வையுங்கள். ஈரமான எண்ணெய்ப் பரப்பில் வரும் பளபளப்பு குறையும்.

படி 3: டியூப் லைட்டை மாற்றுங்கள்

பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வரைபவர்தான் அதிகம், அதனால் இதில் காசு பார்க்காதீர்கள். கடையில் எல்.இ.டி. பெரும்பாலும் மூன்று வகையில் கிடைக்கும் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்): 3000 கெல்வின் மஞ்சள், 4000 கெல்வின் நேச்சுரல் வைட், 6500 கெல்வின் கூல் டேலைட். நம் வீடுகளில் மாட்டியிருப்பது பெரும்பாலும் அந்த 6500-தான், நீலம் தூக்கலாக இருக்கும். ஓவியத்துக்கு 4000 முதல் 5000 வரை உள்ளது வசதி. ஆனால் கெல்வினைவிட முக்கியமான எண் சி.ஆர்.ஐ. அந்த விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதை நூற்றுக்குச் சொல்லும் அளவு அது. சாதாரண பல்பில் 80 இருக்கும், நீங்கள் 90-க்கு மேல் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார், பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

இரண்டு பேட்டன் லைட் (டியூப் மாதிரி நீளமான எல்.இ.டி.), இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கெல்வின். ஒன்று கேன்வாஸுக்கு, மேலே முன்னால் சாய்வாக. இன்னொன்று பேலட்டுக்கு, அதாவது நிறம் கலக்கும் தட்டுக்கு. பேலட்டில் ஒரு வெளிச்சம், கேன்வாஸில் வேறு வெளிச்சம் என்றால் நிறம் பொருந்தவே பொருந்தாது.

படி 4: சுவரும் தரையும்

வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஈசலுக்குப் பின்னாலுள்ள சுவருக்கு மட்டும் பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் அடியுங்கள், மற்றவை வெள்ளை. ரெட் ஆக்சைடு தரை பார்க்க அழகுதான், ஆனால் வெளிச்சம் அதில் பட்டுச் சிவப்பாக மேலே எழும்பும். அதை மூட வேண்டும். சொட்டும் பெயின்டிலிருந்து தரையைக் காப்பாற்றவும் வேண்டும், இல்லையென்றால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். பழைய பிளெக்ஸ் பேனர் இரண்டுக்கும் போதும். அச்சில்லாத பின்பக்கம் மேலே வரட்டும், இல்லாவிட்டால் யார் வீட்டுக் காதணி விழாவோ காலடியில் சிரித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் சிந்தினால் வழுக்கும், ஈசல் முன்னால் ஒரு சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: எண்ணெய்த் துணி (ஆயில்காரர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

ஆயில் பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைன் தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணி நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வெளிவரும். துணி விரிந்திருந்தால் சூடு காற்றில் போய்விடும். கசக்கி மூலையில் போட்டாலோ குப்பைத் தொட்டியில் அமுக்கினாலோ சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போய், சில மணி நேரத்தில் புகைய ஆரம்பிக்கலாம். மே மாதம், மேலே ஷீட் கூரை, பூட்டிய அறை என்றால் சொல்லவே வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. வெளியே மாடியில் துணிக்கொடி இருக்குமே, அதில் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கி வையுங்கள். பால் காய்ச்சிக் குடிபோவதென்றால் எண்ணெய், டர்பன்டைன் பாட்டில்களை மேலே ஏற்றுவதற்கு முன்பே காய்ச்சிவிடுங்கள், அதற்குப் பிறகு அந்த அறையில் விளக்கும் கற்பூரமும் வேண்டாம்.

ஹார்டுவேர் கடை டர்பன்டைன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, வாடை தலைவலி தரும். சின்ன டப்பாவில் கொஞ்சமாக ஊற்றி மூடியே வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும், அதனால் கதவு ஜன்னல் இரண்டையும் திறந்து காற்று குறுக்கே ஓடும்படி விடுங்கள். தூரிகை கழுவ அதைத் தவிர்க்கவே முடியும்: முதலில் சமையல் எண்ணெயில் அலசித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பும் தண்ணீரும். சோப்பை விட்டுவிடாதீர்கள், சமையல் எண்ணெய் தூரிகையில் தங்கினால் அடுத்த பெயின்ட் சரியாகக் காயாது.

அக்ரிலிக்காரர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். சீலிங் ஃபேனுக்கு அடியில் பெயின்ட் பேலட்டிலேயே தோல் கட்டிவிடும். ஒரு டப்பாவில் ஈர ஸ்பான்ஜ், அதன் மேல் பட்டர் பேப்பர், அதில் பெயின்ட் வைத்து வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். கழுவிய தண்ணீரை ஒரு நாள் வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கியதை வழித்துக் குப்பையில் போடுங்கள்.

படி 6: கேன்வாஸ் வைக்கும் இடம்

முதலில் மாடிப்படியை அளந்து பாருங்கள். மாடிக்கு இரும்புச் சுழல் படிக்கட்டு மட்டும் இருக்கும் வீட்டில் ஐந்தடிக் கேன்வாஸ் மேலே ஏறாது, அங்கேயே சட்டம் அடித்து வரைந்தீர்கள் என்றால் கீழே இறங்காது.

கேன்வாஸ்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், கீழே இரண்டு செங்கல் கொடுத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடிச் சுவர் ஈரம் குடிக்கும், ஒட்டி வைத்த கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். கேன்வாஸின் மரச்சட்டம் தரையைத் தொட்டால் கறையான் வரும். காகித ஓவியங்களை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள், வெள்ளிப்பூச்சிக்குக் காகிதம் என்றால் உயிர்.

படி 7: ஒரு சோதனைப் படம்

பெரிய படத்தில் இறங்குவதற்கு முன், வீட்டிலிருக்கும் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு வெள்ளைத் துணி இவற்றை மட்டும் வைத்துச் சின்னதாக ஒன்று இரவு விளக்கில் வரையுங்கள். மறுநாள் காலை அதையும் அதே பொருள்களையும் மாடியில் நிழலான இடத்துக்கு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்திலுள்ள வெள்ளைத் துணி மட்டும் மஞ்சளாகவோ நீலமாகவோ ஒதுங்கித் தெரிந்தால் பெயின்டைக் குறை சொல்லாமல் படி 3-க்குத் திரும்பிப் போய் விளக்கை மாற்றுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், கடைக்குப் போய் அந்தப் பெரிய ஈசலை இப்போது வாங்கலாம்.