டிக்கெட்டில் இருக்கும் மணியைக் கழித்தால் பயண நேரம் வராது

சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே தூரம்தான். இரண்டு ஊருக்கும் விமானம் போய்ச்சேர நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆனால் காலை 10 மணிக்குக் கிளம்பி நாலு மணி நேரத்தில் இறங்கினால், துபாய்க் கடிகாரம் பகல் 12:30 காட்டும். சிங்கப்பூர்க் கடிகாரம் மாலை 4:30 காட்டும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, சேரும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. இதைப் பார்க்காமல் கழித்துவிட்டு, “துபாய் ரெண்டரை மணி நேரம்தானே” என்பவர்கள் நிறையப் பேர். சேரும் நேரத்தை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் கழியுங்கள்.

லண்டனுக்கு இதிலும் ஒரு சிக்கல். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் ஐந்தரை. ஜூலையில் போட்ட கணக்கு டிசம்பரில் ஒரு மணி நேரம் தப்பும்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது அடுத்த தவறு. லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900, அப்படியானால் ஒன்பது மணி நேரம் என்று தோன்றும். நேரடி விமானத்துக்கே போக சுமார் 11 மணி நேரம், திரும்பி வர சுமார் 10 ஆகிறது. அட்டவணை நேரம் என்பது விமானம் இங்கே ஆள் ஏறும் வாசலை (கேட்) விட்டு நகர்வது முதல் அங்கே இறங்கும் வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். போதாததற்கு, மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதும் வேண்டாம். அதில் நியூயார்க்குக்குக் கோடு போட்டால் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போகும். பூமி உருண்டை என்பதால் உண்மையான குறுக்குவழி ஆர்க்டிக் வட்டம் வரை ஏறி இறங்குகிறது. சுமார் 13,500 கிலோமீட்டர்.

இதுவரை சொன்னதில் பிசகினால் குழப்பத்தோடு போய்விடும். தேதியில் பிசகினால் டிக்கெட்டே போய்விடும். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி, ஞாயிறு, 01:30 என்றிருந்தால் சனிக்கிழமை ராத்திரி 10, 10:30 மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பெட்டியோடு வந்து நிற்பவர்களை நினைத்தால் மனசு கேட்காது. விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கால் டாக்ஸி பதிவு செய்யும்போது 14ஆம் தேதி என்றே போடுங்கள். அழைத்துவரப் போகிறவர்களும் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுநாள். நள்ளிரவில் வந்து இறங்குபவர்களிடம் மெட்ரோவில் வரச் சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் ரயில் கிடையாது.