புரோகிரசிவ் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லையா?

நாற்பதைத் தாண்டியதும் எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் இருக்கும் புரோகிரசிவ் கண்ணாடி வாங்கினேன். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரிந்தது. பேப்பர் படிக்க மட்டும் முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. கழுத்தே வலித்தது. “போகப் போகப் பழகிடும் சார்” என்றார்கள் கடையில்.

பழகவில்லை. வேறொரு கடையில் கண்ணைச் சோதித்த பெண், பவர் சரிதான் என்றார். அப்புறம் கண்ணாடியைப் போடச் சொல்லி, என் கண் மட்டத்துக்கு நேரே உட்கார்ந்து, கண்மணிக்கு நேராக லென்ஸில் மார்க்கரால் புள்ளி வைத்தார். லென்ஸிலேயே பொறித்திருக்கும் மெல்லிய குறிகளோடு ஒப்பிட்டதும் விஷயம் தெரிந்தது: லென்ஸ் 3 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. இந்த லென்ஸில் மேலே தூரப் பார்வை, அடியில் படிக்கும் பவர். அது இறங்கினால் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

மூக்குத் தாங்கிகளை நெருக்கி பிரேமைச் சற்று உயர்த்தினார். அப்போதே பாதி சரியாயிற்று. அளவைக் காட்டியதும் முதல் கடையில் லென்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தே படிக்கிறேன்.

ஆர்டர் கொடுக்கும்போதே, தேர்ந்தெடுத்த பிரேமைப் போட்டபடி கண்மணி லென்ஸில் எந்த உயரத்தில் வருகிறது என்ற அளவை ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.